கள்ளக்குறிச்சியில் குழப்பம்: ஓர் அறிமுகம்

கள்ளக்குறிச்சியில் நான் கேட்ட முதல் கேள்விக்குப் பதிலாக ஒரு கேள்விதான் வந்தது. “இன்னா?” என்றார் டீக்கடைக்காரர். நாகர்கோவில்காரியின் வேகத்தில் கச்சிராயபாளையம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டிருந்தேன். சொல் சொல்லாகப் பிரித்து மறுபடி கேட்டதும் சிரித்தார். கையில் ஒரு டீயைக் கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் புகை விட்டுக்கொண்டிருந்த டவுன் பஸ்ஸைக் காட்டினார். டீயில் சர்க்கரை ஜாஸ்தி. கரும்பு விளைகிற ஊருக்கு வந்துவிட்டேன் என்பது முதல் வாயிலேயே தெரிந்தது.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை அது. வட மாவட்டங்களில் இட ஒதுக்கீடு கேட்டு ஊர்வலமும் மறியலுமாக இருந்த காலம். எங்கள் ஊரில் அதெல்லாம் செய்தித்தாளின் உள்பக்கத்தில் ஒரு பத்தி, அவ்வளவுதான். நான் வந்தது வேறு காரியத்துக்கு. கள்ளக்குறிச்சியில் கணித ஆசிரியர்களுக்குக் கோடைப் பயிற்சி நடந்தது. அதில் ஒரு நாள் நான் கேயாஸ் கோட்பாட்டைப் பற்றிப் பேச வேண்டும். வெளிநாட்டில் சில மாதங்கள் தங்கிப் படித்துவிட்டு வந்திருந்த புதுப் பாடம். கேட்கிற ஆளையெல்லாம் பிடித்து வைத்துச் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தேன்.

என்னை அழைத்தவள் மணிமேகலை. சென்னையில் ஒரு வகுப்புக்குப் போனபோது விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். எந்தத் தேற்றத்தைச் சொன்னாலும் “சரி, அதனால?” என்று கேட்கிறவள். பேச்சு முடிந்த இரண்டாம் நாள் தனக்குக் கல்யாணம் என்றும், இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

கச்சிராயபாளையத்தில் அவள் வீடு கரும்புத் தோட்டத்தை ஒட்டி இருந்தது. அம்மா பவுனம்மாளும் அண்ணன் ஏழுமலையும் மட்டும்தான். அப்பா இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. பவுனம்மாள் என்னை உட்கார வைத்துக் கம்மங்கூழும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். தினமும் கடலிலிருந்து வரும் மீனைச் சாப்பிட்டுப் பழகியவளுக்குக் கருவாடு ஒரு படி இறக்கம்தான் என்று நினைத்தபடி கையை வைத்தேன். மூன்றாவது கவளத்தில் அந்த நினைப்பு போய்விட்டது. இங்கே தேங்காய் எண்ணெயில் சமைப்பதில்லை, மல்லாட்டை எண்ணெய்தான். மல்லாட்டை என்றால் நிலக்கடலை என்று தெரிந்துகொள்ள எனக்கு அரை நாள் பிடித்தது.

மறுநாள் பயிற்சிக் கூடத்தின் வாசலில் பேனரைப் பார்த்து நின்றுவிட்டேன். ‘ஒழுங்கின்மைக் கோட்பாடு’ என்று தலைப்பைத் தமிழ்ப்படுத்திச் சொல்லி அனுப்பியிருந்தேன். பேனர் எழுதியவருக்குத் துணியின் நீளம் போதவில்லை போலிருக்கிறது. ‘குழப்பம்: ஓர் அறிமுகம்’ என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டிருந்தார். உள்ளே வந்த ஆசிரியர்கள் எல்லோரும் அதைப் படித்துவிட்டு என்னையும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

ஒரு ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தேன். ஏரியில் மீன்கள். இந்த வருஷம் எத்தனை என்று தெரிந்தால் அடுத்த வருஷம் எத்தனை என்று சொல்ல ஒரு விதி இருக்கிறது. மீன் குறைவாக இருந்தால் நன்றாகப் பெருகும். கூட்டம் அதிகமானால் இரை போதாமல் குறையும். இன்றைய நிலை, ஒரு விதி, நாளைய நிலை. நாளைய நிலையை எடுத்து அதே விதியில் மறுபடி போட்டால் நாளை மறுநாள். இப்படி ஓடிக்கொண்டே இருக்கும் எதற்கும் இயங்கு அமைப்பு என்று பெயர். கடிகாரப் பெண்டுலமும் அதுதான், சூரியனைச் சுற்றும் கிரகங்களும் அதுதான், வானிலையும் அதுதான்.

பெருகும் வேகம் மிதமாக இருந்தால் மீன்களின் எண்ணிக்கை ஓரிடத்தில் போய் நிலைத்துவிடும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் ஒரு வருஷம் நிறைய, மறு வருஷம் கம்மி என்று இரண்டுக்கு நடுவே மாறி மாறி ஆடும். இன்னும் கூட்டினால் நான்கு, பிறகு எட்டு. அதற்கும் மேலே கூட்டினால் எந்த எண்ணும் திரும்பி வராது. விதி மாறவில்லை, யாரும் கல்லெறியவில்லை, ஆனாலும் ஒழுங்கு காணாமல் போய்விடுகிறது.

நம்பிக்கையில்லாத முகங்கள். எனவே கூடத்தை இரண்டாகப் பிரித்துக் கால்குலேட்டரை எடுக்கச் சொன்னேன். ஏரி நிரம்ப மீன் இருந்தால் ஒன்று, ஒன்றுமே இல்லையென்றால் பூஜ்யம். இருக்கிற அளவை, ஒன்றில் அது போக மிச்சத்தால் பெருக்கி, நான்கால் பெருக்க வேண்டும். வருகிற விடையை மறுபடி அப்படியே. இடப்பக்கத்தினர் 0.3இல் தொடங்கினார்கள். வலப்பக்கத்தினர் 0.3001இல். வித்தியாசம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

முதல் சில சுற்றுகளில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே விடையைச் சொன்னார்கள். சிலர் கொட்டாவி விட்டார்கள். சுற்றுகள் போகப் போக விடைகள் விலக ஆரம்பித்தன. பன்னிரண்டாவது சுற்றில் இடப்பக்கம் ஏரி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. வலப்பக்கம் ஆறில் ஒரு பங்குகூட இல்லாமல் வற்றிக் கிடந்தது. வலப்பக்கத்துக்குப் பொத்தான் அமுக்கத் தெரியவில்லை என்றார் இடப்பக்கத்து முன்வரிசைக்காரர். இருபது வருஷமாகக் கணக்கு நடத்துகிறவரிடம் அப்படிச் சொல்லலாமா என்று வலப்பக்கம் எழுந்தது. பயிற்சியை நடத்திய தலைமையாசிரியர் இருவருக்கும் நடுவில் போய் நின்றார். மறுபடி முதலிலிருந்து போட்டார்கள். முன்பு வந்த அதே விடைகள்தான் இரண்டு பக்கமும் வந்தன.

இதுதான் கேயாஸ் என்றேன். இது குருட்டாம்போக்கு அல்ல. தொடக்கம் அச்சு அசலாக ஒன்றானால் முடிவும் ஒன்றுதான். ஆனால் உலகத்தில் எதையும் அவ்வளவு துல்லியமாக அளக்க முடியாது. அளவில் விடுகிற துளிப் பிழை ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய இரட்டிப்பாகிக் கடைசியில் கணக்கையே விழுங்கிவிடும். நாளைய மழையை ஓரளவு சொல்லலாம், அடுத்த மாதத்து மழையைத் தேதி வைத்துச் சொல்ல முடியாது.

மணிமேகலை “சரி, அதனால?” என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கடைசி வரிசையிலிருந்து ஏழுமலை எழுந்தார். என்னைத் திரும்பக் கூட்டிப்போக வந்தவர், பேனரைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

“எது எங்க போய் முடியும்னு சொல்லவே முடியாதுன்னா, ஒருத்தன் எத நம்பிங்க எறங்கறது?”

அது வெறும் கேள்வியாகத் தோன்றவில்லை. எந்த வருஷம் எத்தனை மீன் என்று சொல்ல முடியாது, ஆனால் மீன்கள் ஏரியைத் தாண்டிப் போகாது, எந்த எல்லைக்குள் ஆடும் என்று சொல்லலாம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் விருந்துக்குப் பலாப்பழம் வாங்கக் கல்வராயன் மலைக்குக் கிளம்பினார் ஏழுமலை. நானும் தொற்றிக்கொண்டேன். பஸ் கோமுகி அணையைத் தாண்டி ஏற ஆரம்பித்ததும் காற்று மாறியது. ஒரு கொண்டை ஊசி வளைவில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. ஓட்டுநர் எதுவுமே நடக்காததுபோல் பீடி பற்றவைத்தார். பயணிகளும் எதுவுமே நடக்காததுபோல் இறங்கினார்கள். எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் நடத்துநரைச் சுற்றி ஒரு மாநாடு கூடியிருக்கும். இங்கே ஆளுக்கொரு குடமும் டப்பாவுமாக ஓடைக்குப் போனார்கள், நாங்களும் போனோம்.

கோடையிலும் ஓடையில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. ஒரு பாறைக்கு மேலே இரண்டு இலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். ஒன்று நேராகப் போனது. மற்றது பாறை இடுக்கில் சுழன்றுகொண்டே நின்றது. நேற்று சொன்னது இதுதான் என்று காட்டினேன். ஏழுமலை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாளைக்குக் காலையில் தான் மறியலில் உட்காரப்போவதாகச் சொன்னார்.

நாளைக்குத்தான் கல்யாணம்.

தேதி வைத்தபோது மறியல் அறிவிப்பு வரவில்லையாம். பள்ளி இறுதி வரை படித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, வருஷா வருஷம் போய்ப் புதுப்பித்துவிட்டு வந்ததுதான் அவர் கண்ட பலன். தன் சனத்தில் கல்லூரிக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணலாம், மணிமேகலை அதில் ஒருத்தி என்றார். விடியற்காலையில் மரத்தை வெட்டிச் சாலையில் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, முகூர்த்தத்துக்கு வந்துவிடுவதாகத் திட்டம். அம்மாவிடம் சொல்லவில்லை. மணிமேகலையிடம் சொல்லிவிட்டார்.

திரும்பும்போது இரண்டு பலாப்பழங்கள் என் மடியில். சேலை முழுக்கப் பால்.

கல்யாண மண்டபம் கள்ளக்குறிச்சியில், உளுந்தூர்ப்பேட்டை போகும் சாலையில் இருந்தது. முதல் நாள் மாலையே நாங்கள் போய்விட்டோம். மாப்பிள்ளை கதிர்வேல் எலவனாசூர்கோட்டைக்காரர், கால்நடை மருத்துவமனையில் அரசாங்க வேலை. மறியல் தொடங்கும் முன்பே வந்துவிடலாம் என்று அவர்கள் விடியுமுன் வேனில் புறப்பட்டிருக்கிறார்கள். வழியில் டயர் பஞ்சர். அதைச் சரிசெய்து வந்து சேர்ந்தபோது சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. மரத்தின் மேல் ஏழுமலை உட்கார்ந்திருந்தார்.

இந்தப் பகுதியைக் கதிர்வேல்தான் பிறகு என்னிடம் சொன்னார். வேனை விடச் சொல்லி அவருடைய மாமா கெஞ்சியிருக்கிறார். ஒரு வண்டியை விட்டால் எல்லா வண்டியையும் விட வேண்டும் என்று ஏழுமலை மறுத்துவிட்டார். ஆனால் இறங்கி வந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, கிளைகளுக்கு நடுவே வழி காட்டி, இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டிருக்கிறார். பெண்கள் வயல் வழியாக மாட்டுவண்டியில் கிளம்பினார்கள். நடந்தால் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று கதிர்வேல் திகைத்து நிற்கும்போது போலீஸ் லாரி வந்தது. மறியல் செய்தவர்கள் எல்லோரையும் ஏறச் சொன்னார்கள். எங்கே கொண்டுபோவீர்கள் என்று ஏழுமலை கேட்டார். போலீஸ்காரர் எங்கள் மண்டபத்தின் பெயரைச் சொன்னார்.

“ஏறுங்க மாப்ள,” என்றாராம் ஏழுமலை.

மண்டபத்தில் நாங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் வந்தது இன்ஸ்பெக்டர். கைதானவர்களை வைக்க ஊரில் வேறு இடமில்லை என்றார். பள்ளிக்கூடம், மற்ற மண்டபங்கள் எல்லாம் நிரம்பிவிட்டனவாம். இன்ஸ்பெக்டர் மணவறையைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு தூணிலிருந்து தூணுக்குக் கயிறு கட்டச் சொன்னார். மணவறைப் பக்கம் எங்களுக்கு, வாசல் பக்கம் அவருக்கு.

பயிற்சிக்கு வந்திருந்த ஓர் ஆசிரியர் என் பக்கத்தில் சாய்ந்து, நான் சொன்ன குழப்பம் இதுதானே என்றார். இல்லை என்றேன். சாலையில் மரம் கிடந்தால் வண்டி நிற்கும், அதற்குக் கேயாஸ் தேவையில்லை. அந்த நேரத்திலும் வாத்தியார் வேலை பார்த்தது எனக்கே வேடிக்கையாக இருந்தது.

லாரியிலிருந்து இறங்கியவர்களை வரிசையில் நிறுத்தி இன்ஸ்பெக்டர் பெயர் கேட்டார். பட்டு வேட்டியும் கசங்கிய சட்டையுமாக நின்ற ஒருவரிடம் வந்து நின்றார்.

“எதுக்குய்யா ரோட்டுல நின்ன?”

“கல்யாணத்துக்குப் போய்க்கினு இருந்தேன் சார்.”

“யார் கல்யாணம்?”

“என்னுதுதான் சார்.”

இந்தப் பக்கம் சிரிப்பு எழுந்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. என்ன வேலை என்று கேட்டார். கதிர்வேல் சொன்னதும் மண்டபம் அடங்கியது. அரசாங்க ஊழியர் மறியலில் கைதானார் என்று ஏட்டில் ஏறினால் வேலை என்ன ஆகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். கயிற்றைத் தன் கையாலேயே தூக்கிப் பிடித்து, குனிந்து போகச் சொன்னார்.

அடுத்தது ஏழுமலை. மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மணவறைக்கு அழைத்து வர வேண்டியவர் பெண்ணின் அண்ணன்தான் என்று யாரோ சொன்னார்கள். அவருக்கும் கயிறு உயர்ந்தது. கல்யாணத்துக்கு வந்த ஆள் என்று விட்டுவிடுகிறேன், பெயர் எழுதவில்லை என்றார் இன்ஸ்பெக்டர்.

ஏழுமலை நகரவில்லை. “வேணாங்க. என்னோட உக்காந்தவங்க இத்தினி பேரு உள்ள இருக்காங்க. நான் மட்டும் பொண்ணு வூட்டு ஆளுன்னு வெளிய வந்தா நல்லா இருக்காது. எம் பேர எழுதிக்குங்க.”

பவுனம்மாள் அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் வெடித்தது. அப்பன் இல்லாத பெண்ணுக்கு நீயும் இல்லையா என்று கேட்டு அழுதார். ஐயர் நேரம் போகிறது என்றார். வேறு யாராவது பங்காளி மாலை போடட்டும் என்றார் ஒருவர். ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மணமகள் அறையிலிருந்து மணிமேகலை வெளியே வந்தாள். தாலி ஏறும் முன் பெண் இப்படி வரக்கூடாது என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

“அண்ணன் இங்க வர வேணாம்மா. நாம அங்க போலாம். கயிறு வரைக்கும்தான?”

கதிர்வேல்தான் முதலில் நடந்தார். கயிற்றருகே போய்த் தலையைக் குனிந்தார். ஏழுமலை அந்தப் பக்கத்திலிருந்து எட்டி மாலையைப் போட்டார். மாலை ஒரு காதில் மாட்டிக்கொண்டது. மணிமேகலை அதை எடுத்துச் சரிசெய்தாள். தாலி கட்டும்போது கயிற்றுக்கு அப்பாலிருந்து அட்சதை மழையாக வந்து விழுந்தது. அட்சதைத் தட்டை அந்தப் பக்கம் கொடுத்தவர் ஒரு கான்ஸ்டபிள்.

சாப்பாடு இரண்டு பக்கமும் போட்டார்கள். சமையல்காரர் கணக்கு தப்பிவிட்டது என்று புலம்பிக்கொண்டே சாம்பாரில் வெந்நீர் ஊற்றினார். போலீஸ்காரர்கள் பலாச்சுளையை மூன்றாவது முறையும் கேட்டு வாங்கினார்கள். நானும் பரிமாறினேன். எங்கள் ஊரில் இலை போட்டால் அவியலும் எரிசேரியும் இல்லாமல் எழுந்திருக்க மாட்டார்கள். இங்கே உருளைக்கிழங்கு வறுவலும் வடையும்தான். அன்றைக்குச் சாப்பிட்டதைவிட ருசியாக நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை.

கைதானவர்களை மாலையில்தான் விடுவார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் அதற்கு முன்பே புறப்பட வேண்டியிருந்தது. சாலை அடைபட்டே கிடந்ததால் மரம் வரை நடந்துபோய், அந்தப் பக்கம் நிற்கும் வேனில் ஏற வேண்டும். சீர்ப் பொருட்களைத் தூக்கிக்கொண்டு மரத்தைத் தாண்ட முடியாது. எல்லாம் மண்டபத்திலேயே கிடந்தன. மணிமேகலை கயிற்றருகே நின்று அண்ணனிடம் போய்வருகிறேன் என்று தலையாட்டினாள். அவர் வாசல் ஜன்னலில் நின்று, அவர்கள் கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நான் ஊர் திரும்ப உளுந்தூர்ப்பேட்டை பஸ்ஸில் ஏறினேன். தகரப் பெட்டி, பித்தளைக் குடம், குத்துவிளக்கு சகிதம் ஏழுமலையும் ஏறினார். தங்கை வீட்டில் சேர்க்கப் போகிறார். குடத்தை நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

புளியமரத்தைச் சாலையோரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். வெட்டுவாய் இன்னும் ஈரமாக இருந்தது. பஸ் அதைக் கடக்கும்போது அவர் வெளியே பார்க்கவில்லை.

“மாப்ள வேன் அந்நேரத்துக்கு அங்க வந்து மாட்டும்னு தெரியாதுங்க டீச்சர்,” என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, “தெரிஞ்சிருந்தாலும் வெட்டியிருப்பேன்னுதான் தோணுது. அதான் ராத்திரி தூக்கமே புடிக்கல,” என்றார்.

கூடத்தில் அவர் கேட்ட கேள்விக்கு நான் சொன்னது எவ்வளவு சின்னப் பதில் என்பது அப்போதுதான் உறைத்தது.

பிறகு நடந்த பெரிய மறியல் இப்படிச் சிரித்துப் பேசும்படி முடியவில்லை. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஏழுமலை சில காலம் சிறையில் இருந்துவிட்டு வந்தார் என்று மணிமேகலை சொன்னாள். அதற்கும் சில காலம் கழித்து ஒதுக்கீடு வந்தது. அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் இருவருக்கும் இதெல்லாம் தெரியாது.

எலவனாசூர்கோட்டை நிறுத்தத்தில் அவர் பெட்டியையும் குத்துவிளக்கையும் இறக்கினார். நான் குடத்தை ஜன்னல் வழியாக நீட்டினேன். கோவிலுக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்த மணிமேகலையும் கதிர்வேலும் எங்களைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார்கள். குடத்தை வாங்கியது மணிமேகலை. அதைத் தரையில் வைத்துவிட்டு, பெட்டியைப் பிடித்திருந்த அண்ணனின் கையைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். சில உடைந்திருந்தன.

“இன்னா இது?”

“கோடாலி.”

அவள் முந்தானையை மடித்துப் பெட்டியின் கைப்பிடியில் சுற்றி, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைத் தானே தூக்கினாள். குத்துவிளக்கை ஒரு கையில் எடுத்துக்கொண்டு மறுபக்கத்தைக் கதிர்வேல் தூக்கினார். ஏழுமலை வெறுங்கையோடு அவர்கள் பின்னால் நடந்தார். பஸ் புறப்பட்டுவிட்டது.